சுவர்ப் பூச்சும் தமிழ்ச் சொற்களும்



மொழியியலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய ஒருவன் சுவர்ப் பூச்சைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பைத் தரலாம். தலைப்பை எழுதி அனுப்பியபோது மன்றச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, தட்டச்சில் ஏதேனும் பிழை நேர்ந்துவிட்டதா என்று மிகவும் பணிவாகக் கேட்டார். பிழை ஏதுமில்லை, சுவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்றேன். அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் வெளிச்சுவர்களுக்குப் புதிதாகப் பூச்சு வேலை நடந்தது. ஒரு காலைப்பொழுதில் கீழ்த்தளத்தில் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் என்னை நிறுத்தி, "சார், நீங்க தமிழா? இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் சொல்ல முடியுமா?" என்று தம் கைப்பேசியை நீட்டினார். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். வாளியின் மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த செய்முறையைப் படம் எடுத்து, கைப்பேசியைக் கொண்டே தமிழாக்கியிருந்தார். திரையில் இவ்வாறு இருந்தது: "முதல் மேலங்கி உலர்ந்த பின் இரண்டாவது மேலங்கிக்கு விண்ணப்பிக்கவும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பூச்சு அவருக்குப் புதியது. முதல் நாள் மாலை மழை பெய்திருந்தது. மேற்பார்வையாளர் வேறு கட்டடத்தில் இருந்தார். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தெரியாமல் வேலையைத் தொடங்க அவருக்கு மனமில்லை. ஆங்கில வாசகத்தைப் படித்துப் பொருள் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுச் சொன்னார்: "ஆமா சார். சுவத்துல ஓதம் இருக்கறப்ப அடிச்சா ஆறே மாசத்துல பொருக்கு தட்டிரும். போன தடவை அடிச்சவங்க அதைப் பாக்கல போல."

அந்த மறுமொழியே இந்த உரைக்கு வித்து. ஓதம், அடித்தல், பொருக்குத் தட்டுதல் என்னும் மூன்று சொற்களில், ஒரு பூச்சு ஏன் நிலைக்கிறது, ஏன் நிலைப்பதில்லை என்னும் காரணத்தை அவர் முழுமையாகச் சொல்லிவிட்டார். அவர் கையிலிருந்த கருவியோ அவருக்கு மேலங்கியையும் விண்ணப்பத்தையும் கொடுத்தது. குறை கருவியுடையது மட்டுமன்று. சுவர் பற்றிய நல்ல தமிழை எழுத்தில் வைக்க நாம் தவறியிருக்கிறோம். எழுத்தில் இல்லாததைக் கருவி எங்கிருந்து கற்கும்?

ஆங்கிலத்தில் எந்தப் பூச்சையும் எந்தப் பரப்பின் மேல் இடுவதற்கும் பெரும்பாலும் ஒரே வினைச்சொல்லை ஆள்வார்கள். களிம்புக்கும் அதுதான், சாயத்திற்கும் அதுதான், வேலைக்கு மனுப் போடுவதற்கும் அதுதான். தமிழில் அப்படியில்லை. சுவருக்குச் சாந்து பூசுகிறோம். தரையைச் சாணத்தால் மெழுகுகிறோம். பெரிய வெடிப்பில் கலவையை அப்புகிறோம். எண்ணெயைத் தடவுகிறோம். வாசலில் நீர் தெளிக்கிறோம். சுண்ணாம்பு அடிக்கிறோம். கோபுரத்துப் பதுமைக்கு வண்ணம் தீட்டுகிறோம். இவற்றுள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பாருங்கள். சுவரில் சாந்தைத் தடவினான் என்றால் வேலை சரியில்லை என்று பொருள். எண்ணெயை அப்பினான் என்றால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். பொருளின் இறுக்கம், படலத்தின் கனம், கையின் அசைவு, கருவி ஆகிய நான்கும் வினைச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. தீற்றுதல் என்று மற்றொரு வினையும் உண்டு. சுவருக்குச் சாந்து பூசுதலை முன்னோர் அதனாலும் குறித்தனர். இன்று அது அகராதியில் உறங்குகிறது.

சொரசொரப்பான வெளிப்பூச்சு ஒன்றை இடும் முறையைத் தமிழில் எழுத வேண்டுமென்றால் இந்த வினைகளே போதும். முதலில் அடிப்பூச்சை அடிக்க வேண்டும். இது நீர்த்தது. சுவரின் நுண்துளைகளை அடைத்து, மேலே வருவதற்குப் பிடிப்பைக் கொடுப்பது. அடுத்து, மணலோ கல்தூளோ கலந்த இறுகலான கலவையை அழுத்தக் குழாயால் தெளிக்க வேண்டும், அல்லது உருளையால் அப்பி உருட்ட வேண்டும். தெளித்தால் பொரிபொரியாக நிற்கும். தெளித்ததைச் சற்று நேரம் கழித்து மெல்ல அழுத்தினால் மேடுகள் தட்டையாகும். அது காய்ந்த பின் நிறப்பூச்சை இரண்டு முறை அடிக்க வேண்டும். சாதாரணச் சாயப் படலம் உலர்ந்தபின் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இராது. இந்த நடுப்பூச்சோ ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை நிற்கும். அதனால்தான் மயிரிழை போன்ற கீறல்களும் பூச்சின் மேடுபள்ளங்களும் அதற்குள் மறைந்துபோகின்றன.

வெளிச்சுவருக்கு இத்தனை காப்பு ஏன்? கான்கிரீட் கல்லைப்போல் உறுதியானதுதானே என்று மாணவர்கள் கேட்கலாம். உறுதியானதுதான், ஆனால் அது காற்றும் நீரும் நுழைய முடியாத கல் அன்று. உள்ளே எஃகுக் கம்பிகள் இருக்கின்றன. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். அளவில் ஏறத்தாழ 12.5 முதல் 13 வரை இருக்கும். அந்தக் காரம் இருக்கும் வரையில் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று நிலைத்து நிற்கும், துரு ஏறாது. காலப்போக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே உள்ளே சென்று சுண்ணாம்புக் கூற்றோடு சேர்ந்து காரத்தைக் குறைக்கிறது. அளவு 9 அளவில் இறங்கிவிட்டால் காப்புப் படலம் அழிந்துபோகும். ஈரமும் காற்றும் சேர்ந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைக் கேட்கும். உள்ளிருந்து நெருக்கும்போது வெளியே இருப்பது வெடித்துப் பெயர்கிறது. கடலோரமாயின் உப்புக்காற்று இதை இன்னும் விரைவுபடுத்தும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் தீவு நம்முடையது, சுற்றிலும் கடல். வெளிப்பூச்சு இங்கே அழகுப் பொருள் மட்டுமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒரு முரணைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. சுண்ணாம்புச் சாந்தை இறுகச் செய்வதும் இதே கரியமில வாயுதான். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் அந்த வாயு வெளியேறும். சுட்டதை நீரில் இட்டால் கொதித்துப் பொடியாகும். அதையே நீற்றுதல் என்கிறோம். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிறது. சுண்ணாம்புச் சுவருக்கு உயிர் கொடுக்கும் காற்று, கம்பி வைத்த கான்கிரீட்டுக்குப் பகையாகிறது. வேதியியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து நடத்தத்தக்க ஒரு பாடம் இதில் இருக்கிறது. நீறு என்னும் சொல் சாம்பலையும் திருநீற்றையும் நீற்றிய சுண்ணாம்பையும் ஒருங்கே குறிப்பதும், 'நீறு பூத்த நெருப்பு' என்னும் வழக்கும் அப்பாடத்தில் தாமாகவே வந்து சேரும்.

கான்கிரீட் வெடித்து விழுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது? என் அடுக்கில் குடியிருக்கும் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் வீட்டில், குளியலறைக் கூரையிலிருந்து உள்ளங்கை அளவு துண்டு ஒன்று விழுந்திருந்தது. மேலே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. பல மாதங்களாக யாரிடமும் சொல்லாமலே இருந்திருக்கிறார். அவர் வீட்டிற்கு ஒரு நாள் சென்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. மின்தூக்கியின் அருகே நான்கு மொழிகளில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்களே, பார்க்கவில்லையா அம்மா என்று கேட்டேன். பார்த்ததாகச் சொன்னார். அந்த அறிவிப்பின் தமிழ்ப் பகுதி 'கற்காரைச் செதிலுறல்' நேர்ந்திருந்தால் உடனே தெரிவிக்குமாறு கேட்டுக்கொண்டது. "செதில்னு போட்டிருந்தாங்க தம்பி. மீன் கழுவுற தண்ணி குழாயை அடைக்குதுன்னு சொல்றாங்களோன்னு நினைச்சேன்" என்றார். உங்கள் வீட்டுக் கூரையில் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, ஒரு நொடியும் தயங்காமல், "காரை பேந்து விழுந்துருச்சு" என்றார்.

காரை பெயர்தல்! எத்தனை துல்லியமான தொடர்! ஊரில் பழைய வீட்டில் வாழ்ந்த எவரும் அறிந்தது. மொழிபெயர்த்தவர் கற்றவர்தாம், அவரைக் குறை கூற நான் வரவில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு நேரான சொல்லை அகராதியில் தேடியிருக்கிறார். கூரையைப் பார்த்துத் தேடியிருந்தால் வேறு சொல் கிடைத்திருக்கும். அந்தத் துண்டு அம்மையார் தலைமேல் விழவில்லை என்பது நற்பேறு. அடுத்த வாரமே பழுது பார்க்க ஆள் வந்தார்கள்.

பழுதைக் குறிக்கும் சொற்களில் தமிழ் எவ்வளவு நுட்பமானது என்று சற்றுப் பாருங்கள். மேலோட்டமானது கீறல். அகன்றது விரிசல். ஆழ்ந்து திறந்தது வெடிப்பு. சுவருக்குள் ஏறி நிற்கும் ஈரம் ஓதம். உள்ளேயிருக்கும் உப்பு ஈரத்தோடு வெளியே வந்து வெள்ளையாகப் படிவது உப்புப் பூத்தல். காய்ந்து ஏடுஏடாகக் கிளம்புவது பொருக்கு. நிழல் விழும் சுவரில் பச்சையாகவும் கறுப்பாகவும் படர்வது பாசி. வெளிப்பார்வைக்கு நன்றாயிருந்தும் தட்டினால் வேறாக ஒலிப்பது பிடிப்பு விட்ட பூச்சு. நான் மேலே குறிப்பிட்ட இளைஞர் சிறு சுத்தியலால் சுவரை இடம் இடமாகத் தட்டிக்கொண்டே சென்றார். கட்டியான ஒலி வந்த இடத்தை விட்டுவிட்டு, கூடாக ஒலித்த இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். தட்டிப் பார்த்தல் உலகெங்கும் நடைமுறையில் உள்ள சோதனை முறைதான். மண்பானையையும் தேங்காயையும் பலாப்பழத்தையும் நாம் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்!

இனிச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். பூச்சு பற்றிய தமிழ் இந்தத் தீவுக்குக் கொத்தனார்களோடு இப்போது வந்ததன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அதற்கு உண்டு. நகர நடுவே வெண்மையாக நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டது, 1862இல் திருநிலைப்படுத்தப்பட்டது. அதைக் கட்டிய உழைப்பு, இந்தியாவிலிருந்து தண்டனை பெற்று அனுப்பப்பட்ட கைதிகளுடையது. அதன் சுவர்ப் பூச்சுக்கு 'மெட்ராஸ் சுனாம்' என்று பெயர். கைதிகள் துறையை நடத்திய அதிகாரிகளுள் ஒருவரான மெக்நேர், 1899இல் வெளியிட்ட நூலில் அதன் செய்முறையை விவரித்திருக்கிறார். மணல் சேராத கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதனோடு முட்டை வெண்கருவும் வெல்லமும் அடித்த குழம்பு. தேங்காய் மட்டை ஊறிய நீர். பூசி உலர்ந்த பின் பளிங்குக் கல்லாலோ வழவழப்பான உருண்டைக் கல்லாலோ மெருகேறும் வரை தேய்ப்பார்கள். முட்டையையும் வெல்லத்தையும் கேட்டு மாணவர்கள் சிரிக்கக்கூடும். செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடிபோல் பளபளக்கும் சுவர்களுக்கும் முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும்தாம் காரணம். கடுக்காய் ஊறிய நீரும் பழைய சுண்ணாம்புக் கலவையில் சேர்ந்தது.

'சுனாம்' என்பது நம் சுண்ணமும் சுண்ணாம்பும்தான். உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டுமானால், சுண்ணம் என்பதும் வடமொழிச் சூர்ணம் பாகதத்தின் வழியாகத் தமிழுக்கு வந்த வடிவமே. பொடி என்பது அதன் பொருள். வந்த சொல் இங்கே ஊன்றி, ஆம்பு சேர்ந்து சுண்ணாம்பாகி, சென்னையிலிருந்து கப்பலேறி ஆங்கிலத்துக்குள் புகுந்தது. ஹாங்காங்கில் மலைச்சரிவுகள் மழையில் கரையாதவாறு மண்ணும் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து பூசும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அப்பூச்சுக்கு அங்குள்ள பொறியாளர்கள் வழங்கும் பெயரும் 'சுனாம்' என்பதே. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதைவிட எங்கே வேலை செய்தது என்பதைக் கேட்பது பயனுள்ளது என்று என் மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு. நாடற்றவர்களாகக் கொண்டுவரப்பட்ட கைதிகளின் பெயர்கள் அந்தத் தேவாலயத்துச் சுவரில் இல்லை. அவர்கள் குழைத்த சாந்தின் பெயர் உலகில் நிலைத்துவிட்டது.

சுதை என்னும் சொல் இன்னும் பழையது. நெடுநல்வாடையில் அரசியின் மாளிகைச் சுவரைச் சொல்லும் இடத்திலேயே, வெள்ளியை ஒத்த வெண்மையுடைய சுதை பேசப்படுகிறது. இன்று அச்சொல்லைக் கோபுரத்துப் பதுமைகளுக்கே பெரும்பாலும் வழங்குகிறோம். சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிற்கோபுரத்தைப் பாராதவர் இந்த அரங்கில் இருக்கமாட்டார். அதன் சுதைச் சிற்பங்கள் வெயிலிலும் மழையிலும் நிற்பவை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து, பெயர்ந்ததைச் செப்பனிட்டு, வண்ணம் தீட்டிக் குடமுழுக்கு நடத்துவது வழக்கம். அக்கோயிலில் அண்மையில் 2023 பிப்ரவரியில் அது நடந்தது. சமயக் கண்ணோடு பார்ப்பவர்க்கு அது திருவிழா. கட்டடக் கண்ணோடு பார்த்தால், வெளிப்பூச்சைக் காலமுறைப்படி சோதித்துப் புதுப்பிக்கும் ஏற்பாடு. சிங்கப்பூர்ச் சட்டமும் 2022 முதல் இதைப் போன்ற ஒன்றைக் கேட்கிறது. 13 மீட்டருக்கு மேல் உயரமும் 20 ஆண்டுக்கு மேல் வயதும் உடைய கட்டடங்களின் முகப்பை ஏழாண்டுக்கு ஒருமுறை தகுதியுடையோர் சோதிக்க வேண்டும். பன்னிரண்டுக்கும் ஏழுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து நம் முன்னோரைக் குறைகூற வேண்டா. அவர்களுடைய கோபுரத்தின் அடியில் இத்தனை கார்கள் நிறுத்தப்படவில்லை.

சொரசொரப்பான பூச்சு என்றால் இத்தீவின் வரலாற்றில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது ஷாங்காய்ப் பூச்சு. 1920களிலிருந்து சில பத்தாண்டுகள் இங்கே பெருவழக்காயிருந்தது. சிமெண்டோடு கருங்கல் நொறுக்குகளைக் கலந்து பூசி, முழுதும் இறுகுவதற்கு முன்பே தூரிகையும் நீரும் கொண்டு மேலிருக்கும் சிமெண்டுப் பசையைக் கழுவி எடுத்துவிடுவார்கள். உள்ளேயிருக்கும் கற்கள் முகம் காட்டும். தொலைவிலிருந்து பார்த்தால் செதுக்கிய கருங்கல் சுவரென்றே தோன்றும். சாயம் அடிக்கத் தேவையில்லை. பழைய கடைவீடுகளின் முகப்புகளில் இதை இன்றும் காணலாம். ஆனால் அறியாமல் அதன் மேல் சாயம் அடித்துவிட்ட இடங்களும் உண்டு. கற்களின் நிறமும் நுணுக்கமும் அதோடு மறைந்துவிடுகின்றன. அடித்ததைச் சுரண்டி எடுப்பது, அடித்ததைவிடப் பன்மடங்கு கடினம்.

இந்தச் சொரசொரப்புக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? சில சொற்பட்டியல்களில் 'இழையமைப்பு' என்று காண்கிறேன். ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் நெசவைக் குறிப்பது. ஆகவே இழை என்று பெயர்த்தவரின் கல்வியை நான் மதிக்கிறேன். துணியைப் பற்றிப் பேசும்போது அது பொருந்தும். மணல் கலந்த சுவரில் இழை ஏது? 'இழையமைப்பு மேற்பூச்சு' என்று எழுதிக் கொடுத்தால், துணியை ஒட்டச் சொல்கிறார்கள் என்றே வேலையாள் நினைப்பார். விரிசலின் மேல் வலைத்துணி ஒட்டும் வேலை ஒன்றும் உண்மையாகவே இருப்பதால் குழப்பம் இரட்டிக்கும்.

தொடுவுணர்வைச் சொல்ல நமக்கு ஒரு பெரும் செல்வம் இருக்கிறது. சொரசொர, வழவழ, கரகர, நறநற, மொறுமொறு, பிசுபிசு, மெத்துமெத்து. தொல்காப்பியர் இரட்டைக்கிளவி என்று இலக்கணத்தில் இடம் கொடுத்த இனம் இது. பிரித்தால் பொருள் தராதவை என்று வகுப்பில் கற்பித்துவிட்டு, நான்கு எடுத்துக்காட்டுகளோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அவற்றை விளையாட்டுச் சொற்கள் என்றே மாணவர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அவை அளவைச் சொற்கள். வண்ணப் பூச்சுக் கடையில் பத்து மாதிரிப் பலகைகளை வரிசையாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இரட்டைக்கிளவி சொல்லச் சொன்னால் தமிழறிந்தவர்கள் பெரும்பாலும் ஒத்த சொல்லையே சொல்வர் என்பது என் துணிபு. ஆசிரியர்கள் வகுப்பில் செய்து பார்க்கலாம். உப்புத்தாள், வாழையிலை, செங்கல், கண்ணாடி ஆகிய நான்கே போதும்.

ஆகவே 'சொரசொரப்புப் பூச்சு' என்றே நான் எழுதுவேன். அச்சொல் பேச்சு வழக்குப் போலிருக்கிறது, கலைச்சொல்லுக்குரிய கம்பீரம் இல்லை என்று நண்பர் ஒருவர் குறைப்பட்டார். கம்பீரம் சுவருக்குத் தேவை. சொல்லுக்கு முதலில் தேவை, கேட்டவர் கை சரியான வாளியை எடுப்பது. இதையே காரணமாகக் கொண்டு எல்லாச் சொற்களையும் தமிழாக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. கான்கிரீட்டுக்குக் கற்காரை என்னும் சொல் அழகானது, பாடநூலில் வாழ்கிறது, வாழட்டும். பைஞ்சுதையைச் சிலர் சிமெண்டுக்கும் சிலர் கான்கிரீட்டுக்கும் ஆள்வதால் நான் தவிர்க்கிறேன். முந்தைய தலைமுறையினர் சிமெண்டைச் சீமைக்காரை என்றனர். அயல்நாட்டுக் காரை என்று கண்டதும் புரியும் பெயர். அதை நாம் இழந்தது வருத்தமே. இலங்கைத் தமிழர் சீமெந்து என்பர். கட்டுமானத் தளத்தில் எல்லோரும் சிமெண்டு, கான்கிரீட் என்றுதான் சொல்கிறார்கள். உயிர்க்காப்பு அறிவிப்பில் அவ்வழக்கையே எழுத வேண்டும் என்பது என் கருத்து. தேர்வுத்தாளில் மாணவர் கற்காரை என்று எழுதினால் முழு மதிப்பெண் கொடுங்கள்.

சொரசொரப்புப் பூச்சு நல்லதா என்று வீட்டுக்காரர்கள் என்னைக் கேட்பதுண்டு. மொழியியலாரிடம் கேட்கும் கேள்வியன்று. ஆயினும் கேட்டறிந்ததைச் சொல்கிறேன். மழைநீரைத் தடுத்து, உள்ளீரத்தை ஆவியாக வெளியே விடுவதே நல்ல வெளிப்பூச்சு. நெகிழ்வுடையதாயின் நுண்ணிய கீறல்கள் அசையும்போது தானும் இழுபட்டுக்கொடுக்கும். குறையும் உண்டு. மேடுபள்ளங்களில் தூசி தங்கும், ஈரம் தங்கும், நம் காலநிலையில் பாசி விரைவாகப் படரும். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய பழைய சுவரின் மேல், மூச்சு விடாத சிமெண்டையோ நெகிழிப் படலத்தையோ பூசினால், கீழிருந்து ஏறும் ஓதம் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். உப்புப் பூத்து, படலம் கொப்புளித்து, செங்கல்லும் மாவாக உதிரும். சுவரைக் காக்கப் பூசியதே சுவரைத் தின்றுவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய இடர், இந்தப் பூச்சு நன்றாக மறைக்கிறது என்பதே. காரை பெயர்ந்த இடத்தைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவை நீக்கி, காப்பு மருந்து தடவி, புதுக் கலவையால் நிரப்பி, அது இறுகிய பின்னரே மேற்பூச்சுக்குச் செல்ல வேண்டும். நாளும் பணமும் போதவில்லை என்று நேரே மேலே தெளித்துவிட்டாலும் வெளியே எவருக்கும் தெரியாது. 'பூசி மெழுகுதல்' என்னும் மரபுத்தொடரை நாம் மனிதர்களின் பேச்சுக்குத்தான் வழங்குகிறோம். அந்தத் தொடரை முதலில் சொன்னவர், விரிசல் விட்ட ஒரு வீட்டை விலைகொடுத்து வாங்கியவராக இருந்திருப்பார் என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. சான்று இல்லாத வேர் ஆராய்ச்சி செய்யாதீர்கள் என்று நாற்பது ஆண்டு பிறருக்குச் சொன்னவன். ஆகையால் இதை நகைச்சுவையாகவே கொள்க.

அந்தப் புதுக்கோட்டை இளைஞரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மேலங்கியையும் விண்ணப்பத்தையும் அழித்துவிட்டு, வாளியின் ஆங்கிலச் செய்முறையை நாங்கள் இருவரும் அமர்ந்து தமிழில் எழுதினோம். நான் 'ஈரப்பதம் முற்றிலும் நீங்கிய பின்னர்' என்று தொடங்கினேன். "ஓதம் போனதும்னு போடுங்க சார், சுருக்கமா இருக்கும்" என்றார். 'தெளிக்கவும்' என்பதை அவரே சேர்த்தார். 'நீராவி வெளியேறும் தன்மை' என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, சுவர் மூச்சு விடுவதைத்தானே சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஆம் என்று அடித்து எழுதினேன். அரைப் பக்கம் வந்தது. மூடியின் உட்புறத்தில் தடித்த பேனாவால் அதைப் பெரிய எழுத்தில் படியெடுத்து, மற்ற மூவரும் பார்க்கும்படி சுவரோரம் சாய்த்து வைத்தார். முதல் வரி இப்படி இருந்தது: "ஓதம் போனதும் அடிப்பூச்சு அடிக்கவும். மழை வந்தால் மறுநாள் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கவும்."